வீட்டு வைஃபையைச் சரியாக அமைப்பது: கேபிளில் தொடங்கி மாடி அறை வரை

அத்தை வீட்டிலிருந்து போன் வந்தால் முதல் வரி மாறுவதே இல்லை: “வைஃபை ஃபுல்லா காட்டுதுடா, ஆனா நெட்டு வரல.” அவர் சொல்வது இரண்டும் உண்மை. போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருப்பது வைஃபை. ரவுட்டரிலிருந்து வெளியே போவது இணைய இணைப்பு. முதலாவது நன்றாக இருக்கும்போதே இரண்டாவது செத்துக் கிடக்கலாம். தலைகீழாகவும் நடக்கும். இது பிடிபடாமல் ரவுட்டரை மாற்றியவர்கள், ரிப்பீட்டர் வாங்கி மாட்டியவர்கள், ஆயிரக்கணக்கில் செலவழித்தும் மாடியில் வீடியோ கால் உடைகிறதே என்று புலம்பியவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர்.

சொந்தக்காரர், நண்பர் வீடுகளில் இந்த வேலையைச் செய்து செய்து எனக்கு ஒரு வரிசை படிந்துவிட்டது. அதைத்தான் கீழே தருகிறேன். கீழே ஹால், இரண்டு அறை, சமையலறை, மேலே இரண்டு அறை, மொட்டை மாடி, நடுவில் கான்கிரீட் தளம், ஃபைபர் இணைப்பு. இப்படி ஒரு வீட்டை மனதில் வைத்து எழுதுகிறேன். அடுக்குமாடி வீடு என்றால் 6ஆம் பகுதியை இரண்டு முறை படியுங்கள். புதுப் பெட்டி வாங்கும் பேச்சு 8ஆம் பகுதியில்தான் வரும். பெரும்பாலோர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள், சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

லேன் போர்ட் உள்ள ஒரு லேப்டாப், இரண்டு மீட்டர் லேன் கேபிள், வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்று போட்ட ஆண்ட்ராய்டு போன், ஒரு தாள், பேனா. ஐபோனில் இந்த வகை ஆப்களுக்கு அனுமதி குறைவு, அதனால் யாரிடமாவது ஆண்ட்ராய்டு போனை ஒரு மணி நேரம் இரவல் வாங்குங்கள்.

ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நிர்வாகப் பக்கத்தின் முகவரி (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), அதற்கான பயனர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் இருக்கும். சுவரில் மாட்டிய பிறகு எக்கி எக்கிப் படிக்க முடியாது.

இன்னொன்று மிக முக்கியம். பல இணைப்புகளில் நிறுவனம் கொடுத்த ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் ரவுட்டருக்குள் பதிந்திருக்கும். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. பெட்டியின் பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டு அழுத்தினால் எல்லாம் அழியும்போது இதுவும் அழியும். அப்புறம் லைன்மேன் வரும்வரை வீட்டில் நெட் கிடையாது. “ரீசெட் பண்ணிப் பார்த்தேன்” என்று யாராவது சொன்னால் எனக்குப் பாதி நாள் போச்சு என்று அர்த்தம். அந்த விவரங்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளாமல் ஓட்டையைத் தொடாதீர்கள்.

2. முதல் சோதனை கேபிளில்

லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு, கேபிளின் ஒரு முனையை ரவுட்டரின் லேன் போர்ட்டிலும் மறுமுனையை லேப்டாப்பிலும் செருகுங்கள். வேகச் சோதனைத் தளம் ஏதாவது ஒன்றில் மூன்று முறை பாருங்கள். காலையில் ஒரு முறை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை பார்த்தால் இன்னும் நல்லது.

காரணம் எளிது. கேபிளில் 30 எம்பிபிஎஸ்தான் வருகிறது என்றால், உலகத்திலேயே விலையுயர்ந்த ரவுட்டரை வைத்தாலும் வைஃபையில் 31 வராது. கோளாறு வெளியே இருக்கிறது, நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். கேபிளில் முழு வேகம் வருகிறது, போனில் மட்டும் வரவில்லை என்றால்தான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

இங்கே இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். ஒன்று, அலகு. 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், ஆகவே ஃபைல் இறக்கும்போது நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் காட்டாது. அதைப் பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டு, 200 எம்பிபிஎஸ் திட்டம் போட்டும் கேபிளில் 94ஐத் தாண்டாமல் நிற்பது. அந்த 94 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்: நடுவில் எங்கோ 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கிறது, அல்லது கேபிளில் எட்டுக் கம்பிக்குப் பதில் நான்குதான் தொடுகின்றன. கேபிளை மாற்றிப் பாருங்கள், அதுவே போதுமானதாக இருக்கலாம்.

ஃபைபர் பெட்டியில் லாஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். உள்ளே வரும் மெல்லிய கம்பியைக் கதவு இடுக்கிலோ சோபாவுக்கு அடியிலோ மடக்கியிருக்கிறார்களா பாருங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கூர்மையாக வளைத்தால் ஒளி வழியிலேயே கசிந்துவிடும்.

3. காற்றில் என்ன நடக்கிறது: ஒரே வாளி உள்ள கிணறு

இதைப் புரிந்துகொண்டால் மீதிப் படிகளுக்கெல்லாம் காரணம் தானாகத் தெரியும்.

லேன் கேபிளில் ஒரே நேரத்தில் தகவல் போகவும் வரவும் முடியும். வைஃபையில் அப்படி இல்லை. ஒரு சேனலில், அதாவது காற்றில் பேசும் ஒரு தடத்தில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். வீட்டில் பத்துக் கருவிகள் இருந்தால் பத்தும் ரவுட்டரும் சேர்ந்து வரிசையில் நிற்கின்றன. தெருவுக்கு ஒரே கிணறு, கிணற்றுக்கு ஒரே வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளி வேறு யார் கையிலாவது இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் முதலில் காது கொடுத்துக் கேட்பார்கள். இல்லை என்றால் கொஞ்ச நேரம் காத்திருந்து எடுப்பார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பாயாமல் இருக்கத்தான் அந்தக் காத்திருப்பு ஆளுக்கு ஆள், முறைக்கு முறை மாறுகிறது. அனுப்பியது வந்து சேர்ந்தது என்று எதிர்ப்பக்கம் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்ப வேண்டும்.

இதில் ஓட்டை வாளிக்காரர் ஒருவர் இருப்பார். தூரத்து அறையில், சுவருக்குப் பின்னால் இருக்கும் போன் அவர்தான். சிக்னல் பலவீனமானால் பிழை வராமல் இருக்க மெதுவாகப் பேசியாக வேண்டும். ஒரே அளவு தகவலுக்கு அதிக நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் டிவியும் காத்திருக்கும். மாடியில் பையன் வீடியோ பார்க்கும்போது கீழே ஹாலில் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பதற்குப் பல வீடுகளில் இதுதான் பதில்.

இன்னொரு விஷயம்: ரவுட்டரின் குரல் பெரியது, போனின் குரல் சின்னது. போனில் தெரியும் பட்டைகள், ரவுட்டர் சொல்வது போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும்தான் காட்டுகின்றன. போன் சொல்வது ரவுட்டருக்குக் கேட்கிறதா என்பதை அவை காட்டாது. ஆன்டெனா நிறைய முளைத்த பெட்டி வாங்கியும் மாடியில் பட்டை மட்டும் ஏறி, கால் உடைவது இதனால்தான். போனின் குரலை நாம் கூட்ட முடியாது, தூரத்தைத்தான் குறைக்க முடியும்.

4. வீட்டை நடந்து அளப்பது

பட்டைகளை நம்பாதீர்கள். ஒவ்வொரு போனும் தன் இஷ்டத்துக்குக் காட்டும். அனலைசர் ஆப்பில் டிபிஎம் என்ற அளவு வரும். அது எதிர்மறை எண். மைனஸ் 40 என்றால் மிக வலிமை, மைனஸ் 80 என்றால் முனகல். என் கணக்கு இது: மைனஸ் 60க்குள் இருந்தால் எதற்கும் போதும். மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும். மைனஸ் 70ஐத் தாண்டினால் செய்தி படிக்கலாம், வேறு நம்பிக்கை வேண்டாம்.

இந்த அளவில் 10 குறைந்தால் வலிமை பத்தில் ஒன்றாகிறது, 3 குறைந்தால் பாதியாகிறது. ஆகவே மைனஸ் 60க்கும் 70க்கும் இடையில் இருப்பது சின்ன வித்தியாசம் இல்லை.

தாளில் வீட்டின் படத்தைக் கோணல்மாணலாக வரைந்து, ஒவ்வொரு அறையிலும் போனை வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் நின்று அரை நிமிடம் கழித்து எண்ணைக் குறியுங்கள். அரை நிமிடம் எதற்கு என்றால், எண் நடுங்கிக்கொண்டே இருக்கும். நம் உடம்பும் அலையை மறைக்கும், திரும்பி நின்றும் ஒரு முறை பாருங்கள். படுக்கையில் படுத்துக்கொண்டு பார்ப்பவர்கள் படுத்துத்தான் அளக்க வேண்டும். சிரிக்க வேண்டாம், அத்தை வீட்டில் நின்றால் மைனஸ் 64, கட்டிலில் படுத்தால் மைனஸ் 71. கட்டிலுக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்தது இரும்பு பீரோ.

5. ரவுட்டருக்கு இடம்

ஃபைபர் எந்த ஜன்னல் வழியாக நுழைந்ததோ, அதற்குக் கீழேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போவது இணைப்புக் கொடுக்க வருபவர்களின் வழக்கம். அவர்களுக்குக் கம்பி மிச்சம், நமக்குப் பாதி சிக்னல் தெருவுக்கு. கம்பி பதிக்கும் நாளிலேயே கூட நின்று, வீட்டின் நடுப்பகுதி வரை இழுக்கச் சொல்லுங்கள். இழுத்து முடித்தாயிற்று என்றால், ஃபைபர் பெட்டி அங்கேயே இருக்கட்டும், அதிலிருந்து லேன் கேபிள் இழுத்து ரவுட்டரை நடுவில் வையுங்கள். இரண்டும் ஒரே பெட்டியாக இருந்தால் 8ஆம் பகுதியில் வரும் முறையில் இரண்டாவது பெட்டி ஒன்றை நடுவில் வைக்கலாம்.

தலைக்கு மேலே, திறந்த இடம். அவ்வளவுதான் விதி. செய்யக்கூடாதவை பட்டியல்தான் நீளம். டிவிக்குப் பின்னால் வேண்டாம், டிவியின் பின்புறத் தகடு அலையைத் தடுக்கும். ஷோகேஸ் கண்ணாடிக்குள்ளே பரவாயில்லை, ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வேண்டாம், அதன் பின்னால் உலோகப் பூச்சு இருக்கிறது. ஃப்ரிட்ஜ் மேல் வேண்டாம். மீன் தொட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம், தண்ணீர் அலையை உறிஞ்சும். மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். அது வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில், வைஃபையின் ஒரு பேண்ட் (அலைவரிசை) இருப்பதும் அதே இடத்தில். அடுப்பின் தகடு அலையை உள்ளே அடைத்து வைத்தாலும் கசியும் துளியே ரவுட்டருக்குப் பெரிய இரைச்சல்.

ஆன்டெனாவைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு: அதன் நுனி எங்கே காட்டுகிறதோ அங்கே சிக்னல் பாயும் என்று. நடப்பது வேறு. நிமிர்த்தி வைத்த ஆன்டெனாவைச் சுற்றி மெதுவடை மாதிரிதான் அலை பரவும், பக்கவாட்டில் அதிகம், நுனித் திசையில் மிகக் குறைவு. ஒரே தளத்துக்கு என்றால் எல்லாவற்றையும் நிமிர்த்தி வையுங்கள். நேர் மேலே மாடி அறைக்கு வேண்டும் என்றால் ஒன்றைப் படுக்க வையுங்கள்.

6. பேண்டும் சேனலும்

இன்றைய ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பேண்டுகளில் பேசும். 2.4 சுவரைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாகப் போகும், ஆனால் நெரிசல். 5 வேகமானது, இடம் தாராளம், ஆனால் இரண்டு சுவருக்குள் மூச்சு வாங்கும். அதனால் டிவி, லேப்டாப், அருகில் இருக்கும் போன்கள் 5க்கு. கேமரா, ஸ்மார்ட் பல்பு, பழைய பிரிண்டர் 2.4க்கு.

2.4 பேண்டில் 13 சேனல்கள் என்று திரையில் தெரியும். அங்கேதான் ஏமாறுவோம். சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஆனால் ஒவ்வொன்றும் பேச எடுத்துக்கொள்ளும் அகலம் சுமார் 20. ஆகவே பக்கத்துப் பக்கத்துச் சேனல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். உரசாமல் பிழைப்பவை 1, 6, 11 மட்டும். “1இல் கூட்டம், 6இல் கூட்டம், நான் புத்திசாலித்தனமாக 3இல் போட்டேன்” என்று ஒரு நண்பர் சொன்னார். அவருக்கு இரண்டு பக்கத்து இரைச்சலும் கிடைத்தது. ஒரே சேனலில் இருந்தால் பக்கத்து வீட்டுப் பெட்டி பேசுவது புரிந்து முறை வைத்தாவது காத்திருக்கும். அரைகுறையாக ஏறிய சேனலில் அது வெறும் சத்தம்.

அனலைசர் ஆப்பில் மூன்றையும் பாருங்கள். எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணுவதைவிட, எவை வலிமையாகத் தெரிகின்றன என்று பாருங்கள். மைனஸ் 88இல் முனகும் ஐந்து பெட்டிகளை விட மைனஸ் 50இல் கத்தும் பக்கத்து வீடு ஒன்று அதிகம் கெடுக்கும். தேர்ந்த சேனலைக் கைப்பட வைத்துவிட்டு, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள். 40 வைத்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று தோன்றும். மொத்தச் சாலையே மூன்று வண்டி அகலம்தான், அதில் இரண்டை நாமே அடைத்தால் பக்கத்து வீட்டு வண்டியோடு உரசிக்கொண்டேதான் இருப்போம்.

5 பேண்டில் அகலம் 80 வைக்கலாம். சேனல் 36, 40, 44, 48 அல்லது 149இலிருந்து 161 வரை. நடுவில் உள்ளவை ரேடார்களும் பயன்படுத்துபவை. ரேடார் மாதிரி ஏதாவது கேட்டால் ரவுட்டர் அந்தச் சேனலைவிட்டு விலகியே ஆக வேண்டும், அப்போது எல்லாரின் இணைப்பும் ஒரு கணம் அறுந்து சேரும். விமான நிலையம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை.

போனில் 433 எம்பிபிஎஸ் என்று இணைப்பு வேகம் தெரிந்தால் அதில் பாதி, மிஞ்சிப்போனால் மூன்றில் இரண்டு பங்குதான் கையில் வரும். மீதி, முறை வைத்துக் காத்திருப்பதிலும் பதில் சொல்வதிலும் போய்விடும்.

7. பெயர், பாஸ்வேர்டு, பூட்டு

கருவிகளை இணைக்கும் முன்பே இதை முடியுங்கள். பத்துக் கருவியை இணைத்துவிட்டுப் பெயரை மாற்றினால் பத்தையும் மறுபடி இணைக்க வேண்டும். பல்பையும் கேமராவையும் திரும்பச் சேர்ப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

முதலில் நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அட்மின், அட்மின் என்றே விட்டுவைத்தால் வைஃபைக்குள் வந்த எவரும் வீட்டுச் சாவியை மாற்றிவிட்டுப் போகலாம்.

அப்புறம் வைஃபை பாஸ்வேர்டு. எட்டு முதல் 63 எழுத்து வரை வைக்கலாம். நம் ஊரில் பாதி வீடுகளில் அது வீட்டுக்காரரின் மொபைல் எண். மறக்காது என்பது உண்மைதான், ஆனால் கணக்கைப் பாருங்கள். 6, 7, 8, 9இல் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. டபிள்யூபிஏ2 என்ற பூட்டு முறையில் போன் இணையும்போது பாஸ்வேர்டு காற்றில் போகாது, அது தெரியும் என்பதற்கான நிரூபணம் மட்டும் போகும். அந்த நிரூபணத்தைப் பிடித்துக்கொண்டுபோய், ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டை வைத்து 400 கோடியையும் சில மணி நேரத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். வாசலில் நிற்கக்கூட வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். பாட்டிக்கும் சொல்லிவிடலாம், எவராலும் ஊகிக்க முடியாது.

பூட்டு வகையில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், அல்லது டபிள்யூபிஏ2, 3 இரண்டும் சேர்ந்தது. டபிள்யூஇபி என்று தெரிந்தால் அது திறந்த கதவு. டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் வசதியை அணையுங்கள். அதன் எட்டு இலக்கப் பின்னை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம். பெயரை மறைத்து வைப்பது பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். ரவுட்டர் வாயை மூடிக்கொண்டால் போன்தான் போகும் இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லித் தேடும்.

விருந்தினருக்குத் தனி நெட்வொர்க் வையுங்கள். ஆனால் வீட்டு டிவியை அதில் இணைக்காதீர்கள். அங்கே ஒரு கருவிக்கு இன்னொன்று தெரியாதபடி தடுப்பு இருக்கும், போனிலிருந்து டிவிக்கு வீடியோ போகவில்லை என்று அரை நாள் தேடுவீர்கள்.

8. மாடிக்கு: பழைய ரவுட்டரே போதும்

இவ்வளவும் செய்த பிறகு மறுபடி அளந்து பாருங்கள். மாடி இன்னும் மைனஸ் 75 என்றால் சரி, இப்போது இரண்டாவது பெட்டி தேவை.

கடைக்காரர் முதலில் ரிப்பீட்டரைத்தான் எடுத்து வைப்பார். கேபிள் வேண்டாம், செருகினால் போதும். ஆனால் சாதாரண ரிப்பீட்டர் கேட்பதும் திருப்பிச் சொல்வதும் ஒரே சேனலில். ஒவ்வொரு செய்தியும் இரண்டு முறை காற்றில் போகிறது, வேகம் பாதியாகிறது. கிணற்றில் இறைத்து நடு வழியில் தொட்டியில் ஊற்றி, மறுபடி அதே வாளியால் மொண்டு போகிற கதை. வேறு வழியே இல்லை என்றால் வாங்குங்கள், ஆனால் சிக்னல் இல்லாத அறையில் செருகாதீர்கள். அதற்கே கேட்காதபோது எதைத் திருப்பிச் சொல்லும்? மைனஸ் 60 வரும் பாதி வழியில் வையுங்கள்.

நல்ல வழி, மாடிக்கு ஒரு லேன் கேபிள். ஒரு முறை கஷ்டம், பத்து வருட நிம்மதி. கேட் 6 (Cat 6), முழுச் செம்புக் கம்பி என்று கேட்டு வாங்குங்கள். மலிவானதில் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு இருக்கும். நீளம் 100 மீட்டருக்குள் இருக்கலாம், வீட்டுக்கு அது தாராளம். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இழுக்க வேண்டாம். மொட்டை மாடி வெளியில் தொங்கவிடவும் வேண்டாம், இடி மழையில் போர்ட் கருகிய ரவுட்டர்களைப் பார்த்திருக்கிறேன்.

பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை மேலே வைக்கலாம். அதன் நிர்வாகப் பக்கத்தில் ஆக்சஸ் பாயிண்ட் மோட் என்று நேரடியாக இருந்தால் அதைத் தேர்ந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் இந்த வரிசையில், வரிசை மாறாமல் செய்யுங்கள்:

அ) பழையதை ரீசெட் செய்து, லேப்டாப்பை மட்டும் அதன் லேன் போர்ட்டில் இணையுங்கள். முதன்மை ரவுட்டருடன் இப்போது இணைக்கக் கூடாது, இரண்டுக்கும் 192.168.1.1 என்று ஒரே முகவரி இருந்தால் எதற்குள் நுழைகிறோம் என்றே தெரியாது.

ஆ) அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். முதன்மை ரவுட்டர் கருவிகளுக்கு விநியோகிக்கும் முகவரி வரம்புக்குள் இந்த 2 வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றியதும் பக்கம் அறுந்துவிடும், புது முகவரியில் திரும்ப நுழையுங்கள்.

இ) வைஃபைப் பெயர், பாஸ்வேர்டு, பூட்டு வகை மூன்றும் கீழே உள்ளதைப் போலவே. சேனல் மட்டும் வேறு. கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11.

ஈ) கடைசியாக டிஎச்சிபியை அணையுங்கள். கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை அது. இதை முதலில் அணைத்தால் லேப்டாப்புக்கே முகவரி கிடைக்காமல் நீங்களே வெளியே நிற்பீர்கள்.

உ) இப்போது கேபிள். முதன்மையின் லேன் போர்ட்டிலிருந்து பழையதின் லேன் போர்ட்டுக்கு. வேறு நிறத்தில் தனியாக இருக்கும் வேன் (WAN) போர்ட்டில் செருகாதீர்கள், அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். அதில் செருகினால் மாடி தனி நெட்வொர்க் ஆகிவிடும், மேலே உள்ள பிரிண்டர் கீழே தெரியாது.

டிஎச்சிபி பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு டியூஷன் சென்டரில் 192.168.0.1 முகவரியுள்ள பழைய ரவுட்டரை அப்படியே லேனில் செருகிவிட்டு வந்தேன். அன்று மாலையே போன்: “சார், பாதிப் பிள்ளைகளுக்கு வருது, பாதிக்கு வரல. நேத்து வந்தவனுக்கு இன்னிக்கு இல்ல.” போன் “எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்” என்று கூவும்போது இரண்டு பெட்டிகளும் பதில் சொல்லியிருக்கின்றன. எது முந்தியதோ அதை எடுத்துக்கொண்டது. பழையது முந்தினால் வெளியே வழியே இல்லாத முகவரி. ஒரு மணி நேரம் சேனலை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு போனின் ஐபி முகவரியைப் பார்த்தேன். மூன்றாவது எண் 1க்குப் பதில் 0.

மேலே போனதும் போன் தானாக மாறவில்லையே என்று அடுத்த புகார் வரும். எந்தப் பெட்டியோடு இருப்பது என்று முடிவு செய்வது போன்தான். பழையதை விட மனசில்லாமல் மைனஸ் 75 வரை ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பெட்டிகளிலும் 2.4 பேண்டின் ஒலிபரப்பு வலிமையை நடுத்தரத்துக்குக் குறைத்தால் சீக்கிரம் விடும்.

9. இணைக்கும்போது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

இணைப்பு என்பது நான்கு படி. ரவுட்டர் நொடிக்குச் சுமார் பத்து முறை தன் பெயரைச் சொல்கிறது, போன் அதைக் கேட்கிறது. பிறகு சேர்த்துக்கொள் என்று கேட்கிறது. பிறகு இருவரும் பாஸ்வேர்டு தெரியும் என்று நிரூபித்துப் பூட்டை அமைக்கிறார்கள். பிறகு டிஎச்சிபி முகவரி தருகிறது. எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

பெயரே தெரியவில்லை என்றால் தூரம், அல்லது 5 பேண்ட் மட்டும் போட்ட ரவுட்டரைத் தேடும், 2.4 மட்டும் தெரிந்த பல்பு. பாஸ்வேர்டில் நின்றால் எழுத்துப் பிழை, அல்லது டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்துப் பழைய கருவி திணறுகிறது. முகவரி பெறுவதில் நின்றால், அல்லது லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், டிஎச்சிபி பதில் தரவில்லை. “இணைந்தது, இணையம் இல்லை” என்றால் வைஃபை தன் வேலையை முடித்துவிட்டது. ஒரு முகவரி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையில் முதலில் ரவுட்டரின் 192.168.1.1, அடுத்து வெளியே கூகுளின் 8.8.8.8 பாருங்கள். முதலாவது பதில் தந்து இரண்டாவது தராவிட்டால் நிறுவனத்துக்குப் போன். இரண்டும் தந்தும் தளங்கள் திறக்காவிட்டால், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் படுத்திருக்கிறது, ரவுட்டரில் அதை மாற்றலாம்.

10. கரண்ட் போனால்

மினி யூபிஎஸ் வாங்கும் முன் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டைப் பாருங்கள். 12 வோல்ட் பெட்டிக்கு 9, அல்லது 9க்கு 12 தரக் கூடாது. வோல்ட் சரியாகவே இருக்க வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். ரவுட்டர் மட்டும் உயிரோடு இருந்தால் அத்தையின் முதல் வரிதான் திரும்ப வரும். தெருவில் ஆபரேட்டர் வைத்திருக்கும் கருவிக்கும் கரண்ட் போயிருந்தால் நாம் ஒன்றும் செய்ய முடியாது.

11. எழுதி வையுங்கள்

இரண்டு பெட்டிகளின் முகவரி, நிர்வாகப் பாஸ்வேர்டு, வைஃபை பாஸ்வேர்டு, நிறுவனம் தந்த யூசர்நேம், எந்தப் பெட்டிக்கு எந்தச் சேனல், கேபிளில் வந்த வேகம், அன்றைய தேதி. அளந்த எண்களோடு வரைந்த வீட்டுப் படத்தையும் சேர்த்து மடியுங்கள். ஆறு மாதம் கழித்து மெதுவாக இருக்கிறது என்றால் ஒப்பிட அதுதான் இருக்கும். ரவுட்டருக்குப் பின்னால் ஒட்ட வேண்டாம், வருகிறவர் எல்லாரும் படிப்பார்கள். அத்தை வீட்டில் அது ஈ.பி. கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கிறது.